சாமிகிட்ட பேரம் பேச முடியாத நோய்

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்கு"ன்னு ஒரு பழமொழி சொல்வாங்க. சொன்ன புண்ணியவான் யாருன்னு தெரியாது. ஆனா அவர் வீட்டில் டைப் 1 சர்க்கரை வந்த குழந்தை இருந்திருக்காதுன்னு மட்டும் அடிச்சுச் சொல்லலாம். எங்க வீட்டில் மருந்து ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் ஆச்சு. ஒரு நாளைக்கு நாலு ஊசி. வருஷத்துக்கு 1460. அஞ்சு வருஷத்துக்கு 7300. விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்க்கிறது தனிக்கணக்கு, அதைக் கூட்டவே இல்லை. மகளுக்கு இப்போ பத்து வயசு.

இது அழுகாச்சிப் பதிவு இல்லை மக்களே, தைரியமா மேல படிக்கலாம். அவ நல்லாத்தான் இருக்கா. ஸ்கிப்பிங் ஆடுறா, தம்பியோட சண்டை போடுறா, கணக்குப் பாடத்தில் மட்டும் அப்பனைக் கொண்டிருக்கா :-) நான் எழுத வந்தது வேற. தீராத நோய் இருக்கிற ஒரு குழந்தையைச் சாமி நம்பிக்கையோட வளர்க்கிறோமே, அந்த நம்பிக்கை எந்த இடத்தில் நமக்குத் தோள் கொடுக்குது, எந்த இடத்தில் குழந்தை தோள்மேல ஏறி உட்காருது? அஞ்சு வருஷமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கிற இந்தக் கேள்வியை இன்னைக்கு இறக்கி வச்சிடலாம்னு ஒரு எண்ணம்.

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். நான் சாமி கும்பிடுற ஆளு. திருச்சிக்காரன். வெள்ளிக்கிழமை விளக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை குலதெய்வம், நடுவுல மனசு சரியில்லைன்னா சமயபுரம். பகுத்தறிவு அன்பர்கள் கல்லை எடுக்க வேண்டாம். உங்களுக்கும் கீழே தனியா இலை போட்டு வச்சிருக்கேன்.

*

தெரியாதவங்களுக்காக நோயைப் பத்தி நாலு வரி. பெரியவங்களுக்குப் பொதுவா வர்ற சர்க்கரை வேற, இது வேற. இதில் உடம்போட நோய் எதிர்ப்பு சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்களை எதிரின்னு நினைச்சு அழிச்சிடுது. மிட்டாய் தின்னு வர்றதில்லை. அம்மா மாசமா இருந்தப்ப பலாப்பழம் சாப்பிட்டதால வர்றதும் இல்லை. (இப்படி ஒருத்தர் எங்ககிட்டயே கேட்டார்.) இன்சுலினை மாத்திரையா விழுங்கினா வயித்துக்குள்ள சாதம் மாதிரி செரிச்சுப் போயிடும், அதனால ஊசி. ஊசி இல்லைன்னா, ரத்தத்தில் அமிலம் ஏறி சில நாளில் உயிருக்கே ஆபத்து.

நூறு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இதுக்கு வைத்தியம்னு இருந்தது என்ன தெரியுமா? பட்டினி. குழந்தையை எலும்பும் தோலுமா வச்சு, கொஞ்ச மாசம் கூட இழுத்துப் பிடிக்கிறது. அவ்வளவுதான். 1921-ல் கனடாவில் டொரான்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரிச்செடுத்தாங்க. 1922 ஜனவரியில் 14 வயசுப் பையன் ஒருத்தனுக்கு முதல் ஊசி போட்டாங்க. அந்த மருந்து சுத்தம் போதாம சரிவரலை. காலிப் என்கிற வேதியியல்காரர் அதை இன்னும் சுத்தம் பண்ணிக் கொடுத்து, பன்னெண்டு நாள் கழிச்சுப் போட்ட ஊசி வேலை செஞ்சது. அந்தப் பையன் அதுக்கப்புறம் 13 வருஷம் வாழ்ந்தான். காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தாங்க. எங்க ஊர்ல அன்னதானம் பண்ணினாக்கூட டியூப் லைட்ல பேர் எழுதி வைப்பாங்க, பாண்டிங் அந்தக் காப்புரிமையில் தன் பேரே இருக்கக்கூடாதுன்னுட்டார்.

இன்னைக்குத் தேதிக்கு ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் நல்ல செய்திகள் வருது. ஆனா எங்களை மாதிரி வீடுகளுக்கு எட்டுற நிரந்தரத் தீர்வு இன்னும் வரலை. இன்சுலின், சாப்பாட்டுக் கணக்கு, மீட்டர். இதுதான் நேத்து, இன்னைக்கு, நாளைக்கு.

*

இப்போ சாமி விஷயத்துக்கு வருவோம்.

நம்ம ஊர் பக்தியில் நோய்க்குன்னு ஒரு நல்ல வழக்கம் இருக்கு. நேர்த்திக்கடன். "ஆத்தா, புள்ளைக்கு சரியாகட்டும், மொட்டை போடுறேன்." அம்மை இறங்கும், காய்ச்சல் விடும், உடைஞ்ச கால் கூடும், மொட்டையைப் போட்டுட்டு வருவோம். கடன் தீர்ந்துது. வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி ஏத்துறதும் நாகூர்ல நேர்ந்துக்கிறதும் இதே கணக்குதான். நான் இதைக் கேலி பண்ணலை. வேண்டிக்கிட்ட அம்மாவுக்கு அந்த மூணு நாள் நாலு நாள் பயத்தைத் தாண்ட அது ஒரு கைப்பிடி.

ஆனா இந்த ஏற்பாட்டில் ஒரு விஷயம் கண்டிப்பா வேணும். நோய் ஒரு நாள் முடியணும். முடியாத நோய்க்கு நேர்ந்துக்கிட்டா கடனை என்னைக்குச் செலுத்துறது?

மக ஆஸ்பத்திரியில் இருந்தப்ப என் மனைவி சமயபுரத்துக்கு உருவம் வாங்கிப் போடுறதா வேண்டிக்கிட்டா. கண்ணு வலின்னா வெள்ளித் தகட்டில் கண்ணு, கால் வலின்னா கால், வாங்கி உண்டியல்ல போடுவாங்களே, அது. வீட்டுக்கு வந்த பிறகு போனோம். கடையில் கை இருக்கு, கால் இருக்கு, கண்ணு இருக்கு, முழு ஆளு இருக்கு. கணையம் இல்லை. கடைக்காரம்மா ரொம்ப யோசிச்சு, "வயிறு வாங்கிக்கம்மா, நீ சொல்றது எல்லாம் உள்ளுக்குள்ளதான இருக்கும், ஆத்தாவுக்குத் தெரியும்"னாங்க. வாங்கினோம். மனைவி அதைக் கையில் வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னா. "சரியானதுக்கப்புறம்தான போடணும்? இது எப்பங்க சரியாகும்?"னு கேட்டா.

எங்களோட மொத்தப் பிரச்சினையும் அந்த ஒரு கேள்விக்குள்ள இருக்கு. நோயும் புதுசு, முடிவில்லாத நோய்க்கு எப்படிச் சாமி கும்பிடுறதுங்கிறதும் புதுசு. நமக்குப் பாட்டி சொல்லிக் கொடுத்த பக்தி முழுக்க முடிவு இருக்கிற கஷ்டங்களுக்கானது.

*

இந்த இடத்தில்தான் ஒரு பெரிய கண்ணி இருக்கு. டைப் 1 வந்த குழந்தை இருக்கிற எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்.

இன்சுலின் ஆரம்பிச்ச சில வாரங்களில் நிறைய குழந்தைகளுக்குச் சர்க்கரை அதிசயமா இறங்கும். டாக்டர்கள் இதை 'ஹனிமூன்' காலம்னு சொல்வாங்க. பேரைப் பார்த்துச் சிரிக்காதீங்க. வெளியிலிருந்து இன்சுலின் வந்ததும், மிச்சம் மீதி இருக்கிற பீட்டா செல்களுக்கு ஓய்வு கிடைச்சு, கொஞ்ச நாள் திரும்ப வேலை செய்யும். எங்க வீட்டில் ஒரு நாளைக்கு 14 யூனிட் போட்டது 4 யூனிட்டுக்கு வந்துது. இது சில வாரம் இருக்கலாம், பல மாசம் இருக்கலாம். அப்புறம் அந்தச் செல்களும் போயிடும், தேவை பழையபடி ஏறும்.

அந்தச் சில வாரங்கள் எப்போ வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்து வந்து, சொந்தக்காரங்க எல்லாம் கூடி, மூணு கோயில், ஒரு தர்கா, ஒரு ஜெபக்கூட்டம், கேரளாவில் யாரோ வைத்தியர்னு அலையுற அதே நேரம். மீட்டர்ல நம்பர் குறையுது. யாருக்குப் பேர் போகும்? கடைசியா எங்க போனீங்களோ அங்க. "பார்த்தியா, நான் சொன்னேன்ல?" அடுத்த வாக்கியம் என்னன்னு உங்களுக்கே தெரியும். "இனிமே எதுக்கு ஊசி?"

இது கற்பனைப் பயம் இல்லை. 1973-ல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பக்கம் பார்ஸ்டோங்கிற ஊர்ல, 11 வயசுப் பையன் ஒருத்தனை அப்பா அம்மா ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. குணமாயிட்டான்னு நம்பி இன்சுலினை நிறுத்திட்டாங்க. பையனுக்கு உடம்பு மோசமாக ஆக, அது சாத்தானோட சோதனைன்னு இன்னும் கெட்டியா நம்பினாங்க. சில நாளில் பையன் செத்துப் போனான். அந்த அப்பா பின்னாடி அதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார்.

அது பழைய கதைன்னு விட முடியாது. ஆஸ்திரேலியாவில் டூவூம்பா ஊர்ல 2022 ஜனவரியில் 8 வயசுப் பொண்ணு. ஒரு சின்ன ஜெபக்குழு, அப்பா அம்மா அதில் இருக்காங்க. இன்சுலினை நிறுத்திட்டு அவளைச் சுத்தி நின்னு பாட்டுப் பாடி ஜெபம் பண்ணினாங்க. பொண்ணு போயிட்டா. அப்பா, அம்மா உட்பட 14 பேரும் அவ சாவுக்குக் காரணம்னு 2025 ஜனவரியில் கோர்ட் தீர்ப்புச் சொல்லுச்சு. அப்பாவுக்கும் குழுத் தலைவருக்கும் 13 வருஷம் சிறை.

ரெண்டு இடத்திலயும் பெத்தவங்களுக்குப் பாசம் குறைவுன்னு எனக்குத் தோணலை. அங்க இருந்தது ஒரே ஒரு எண்ணம்: மருந்து எடுத்தா நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்.

அதெல்லாம் வெளிநாட்டுக் கிறுக்குன்னு தள்ளிடாதீங்க. இதே எண்ணம் எங்க வீட்டுக் கூடத்துல, காபி குடிச்சுக்கிட்டே, தூரத்துச் சொந்தப் பெரியப்பா வாயிலிருந்து வந்துது. "ஊசியும் போட்டுக்கிட்டு சாமியையும் கும்பிட்டா, சாமி எதுக்கு வரும்? அரைகுறையா நம்பினா அரைகுறையாத்தான் நடக்கும். ஒரு மண்டலம் ஊசிய நிறுத்திட்டு முழுசா நம்பிப் பாருங்க."

பதில் சொன்னது நான் இல்லை. என் மாமியார். அஞ்சாங்கிளாஸ் படிச்சவங்க. "ஏண்ணே, உங்க ஊர் எல்லையில ஐயனார் குதிரையோட காவலுக்கு நிக்கிறாரு. நீங்க ஏன் வீட்டைப் பூட்டிட்டு வந்தீங்க? கோயில் உண்டியலுக்கே பூட்டு போட்டுத்தான வச்சிருக்கான்?"

பெரியப்பா காபியை முடிச்சிட்டுக் கிளம்பிட்டார் :-)

*

மேல சொன்னது ஊசியை நிறுத்துற ஆபத்து. அது கண்ணுக்குத் தெரியுறது. கண்ணுக்குத் தெரியாத இன்னொண்ணு இருக்கு. அதுதான் என்னை இதை எழுத வச்சது.

அவளுக்கு ஏழு வயசு இருக்கும். கோயில் வரிசையில் பக்கத்துல நின்ன ஒரு அம்மா ரொம்ப அன்பா, கன்னத்தைத் தடவி, "பாப்பா, நீ மனசார வேண்டிக்கோ. குழந்தை வேண்டினா சாமி உடனே கேட்கும். உன் வேண்டுதல் உண்மையா இருந்தா உனக்கு ஊசியே வேண்டாம்"னு சொன்னாங்க. துளி கெட்ட எண்ணம் கிடையாது அவங்களுக்கு. அன்னைக்கு ராத்திரி ஊசி போடும்போது மக கேட்டா, "நான் சரியா வேண்டிக்கலையாப்பா?"

ஏழு வயசுப் புள்ளைக்கு அந்தக் கணக்கைத் திருப்பிப் போடத் தெரிஞ்சிருக்கு பாருங்க. வேண்டுதல் உண்மைன்னா ஊசி வேண்டாம். ஊசி வேண்டியிருக்கு. அப்போ என் வேண்டுதல் பொய். நோயோட வலி ஒண்ணு போதாதுன்னு, நோய்க்கான பழியும் இப்போ அவ தலையில்.

நான் சொன்னேன், "பாட்டி கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாங்க? பாட்டி வேண்டுதல் பொய்யா?" கொஞ்சம் யோசிச்சா. "இல்ல, பாட்டிக்கு கண்ணு தெரியாது"ன்னா. "உனக்குக் கணையம் வேலை செய்யாது. அவ்வளவுதான்"னேன். தூங்கிட்டா. எனக்குத்தான் தூக்கம் வரலை.

கர்மவினை பேசுறவங்களும் இதே வேலையைத்தான் பண்றாங்க. "போன ஜென்மத்து பாக்கி"ங்கிறது பெரியவங்க தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கிற ஆறுதலா இருக்கலாம். பத்து வயசுப் பொண்ணு காதுல அது எப்படி விழும்? நீ எப்பவோ ஏதோ தப்பு பண்ணியிருக்கே, என்னன்னு உனக்கே தெரியாது, ஆனா தண்டனை சரிதான். இதைவிடக் கொடுமையான வாக்கியம் ஒரு குழந்தைக்குச் சொல்ல முடியுமா?

"பொம்பளைப் புள்ள, யார்கிட்டயும் சொல்லாதீங்க, சாமிகிட்ட மட்டும் சொல்லுங்க, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கு"ங்கிற அறிவுரையும் வரும். சாமிகிட்ட சொல்லியாச்சு. ஆனா பள்ளிக்கூடத்துல பதினொரு மணிக்கு அவளுக்குச் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டும்போது குளுக்கோஸ் எடுத்துக் கொடுக்க வேண்டியது பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பொண்ணும் கிளாஸ் டீச்சரும். அவங்களுக்குத் தெரியணும். பரீட்சை ஹாலுக்குள்ள டைப் 1 பிள்ளைங்க தின்பண்டம், மாத்திரை கொண்டு போகலாம்னு 2017-ல் சிபிஎஸ்இ அனுமதி கொடுத்தது. நாமளே மூடி மறைச்சா அந்த அனுமதியை யார் கேட்கிறது?

*

சரி, பகுத்தறிவு அன்பர்களே, உங்க இலைக்கு வந்துட்டேன்.

"இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் எதுக்குய்யா சாமி? விட்டுத் தொலைங்க"ன்னு நண்பர் ஒருத்தர் நேரடியாவே கேட்டார். நியாயமான கேள்வி.

திருக்குறளில் மருந்துன்னு ஒரு அதிகாரம் இருக்கு, 95-வது. அதோட கடைசிக் குறள் மருத்துவத்தை நாலா பிரிக்குது. நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்துல இருந்து பார்த்துக்கிறவர். கால்வாசி வேலை பார்த்துக்கிறவரோடதுன்னு அவ்வளவு காலத்துக்கு முன்னாடியே கணக்குப் போட்டுச் சொல்லிட்டாங்க. டாக்டர் சீட்டில் மகளுக்கு மருந்து எழுதியிருக்கு. பார்த்துக்கிறவங்களுக்கு எழுதலை.

ராத்திரி மூணு மணிக்கு அலாரம் அடிக்கும். தூங்குற குழந்தையோட விரலைத் தடவிக் கண்டுபிடிச்சு, குத்தி, நம்பர் பார்க்கணும். 70-க்குக் கீழேன்னா எழுப்பி உட்கார வச்சு 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பக் குத்தணும். அவ அழுவா. தம்பி எழுந்துடுவான். காலையில் எட்டு மணிக்கு ஆபீஸ் பஸ். இதை ஒரு நாள் பண்ண யாராலயும் முடியும். வருஷக்கணக்கா பண்றதுக்கு உள்ள ஏதோ ஒண்ணு வேணும். சிலருக்கு அது பிடிவாதம், சிலருக்கு அறிவியல் மேல இருக்கிற மதிப்பு. என் மனைவி ஒவ்வொரு ஊசிக்கு முன்னாடியும் "தாயே"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போடுவா. அந்த வார்த்தையால ரத்தத்தில் ஒரு மில்லிகிராம் கூடக் குறையாது. அவ கை நடுங்காது. 7300 ஊசியில் அது சின்ன விஷயம் இல்லைங்க.

அது வெறும் மனத்தைரியம்தானேன்னு கேட்டீங்கன்னா, அதை அளந்து பார்க்கிற மீட்டர் என்கிட்ட இல்லை. நான் கேட்கிறது ஒண்ணுதான். அந்தக் கைப்பிடியைப் பிடுங்குறதா இருந்தா, பதிலுக்கு என்ன கொடுக்கப் போறீங்க? மூணு மணிக்கு நீங்க வர்றீங்களா?

*

அப்போ தீராத நோய்க்கு எந்த மாதிரி பக்தி பொருந்தும்?

கோயில்ல ரெண்டு விஷயம் நடக்குது. ஒண்ணு திருவிழா. தேர், கூட்டம், காவடி, மொட்டை. இன்னொண்ணு நித்திய பூஜை. மழை கொட்டுற செவ்வாய்க்கிழமை காலையில், ஒரு பக்தர் கூட வராத நேரத்திலும், குருக்கள் வந்து திரியைத் திருத்தி விளக்கேத்திட்டுப் போவார். நேத்து ஏத்தின விளக்கு பலிக்கலையா, இன்னைக்கு ஏன் மறுபடி ஏத்துறீங்கன்னு யாரும் அவர்கிட்ட கேட்கிறதில்லை. நேத்து எண்ணெய் நேத்தோட தீர்ந்தது. இன்னைக்குப் புது எண்ணெய்.

இன்சுலினும் அப்படித்தானே? நேத்து போட்டது நேத்தைக்கு. இன்னைக்குப் புதுசாப் போடணும். அது தோல்வியோட அடையாளம் கிடையாது, இன்னைக்கும் பூஜை நடக்குதுன்னு அர்த்தம். நேர்த்திக்கடன்ல இருந்து நித்திய பூஜைக்கு மாறணும். எங்க வீட்டில் அப்படித்தான் மாறிக்கிட்டு இருக்கோம். சாமிகிட்ட கேட்கிறது "குணமாக்கு"ன்னு இல்லாம, "இன்னைக்கு நாளைத் தாண்ட வை"ன்னு ஆயிடுச்சு. சின்னக் கோரிக்கை. ஒவ்வொரு ராத்திரியும் நிறைவேறிடுது. மறுநாள் திரும்பக் கேட்கலாம்.

மருந்தும் சாமியும் எதிரெதிர் கட்சின்னு நம்ம மரபும் சொல்லலை. வைத்தீஸ்வரன் கோயில்ல சிவனுக்குப் பேரே வைத்தியநாதர். திருவான்மியூர்ல மருந்தீஸ்வரர். வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதா. இஸ்லாத்தில் நோன்பு கடமைதான், ஆனா நோயாளிக்கு விலக்கு உண்டுன்னு குர்ஆனே சொல்லுது. சாமிக்கே மருத்துவர்னு பேர் வச்சுக் கும்பிடுற ஊர்ல, மருந்து எடுக்கிறது எப்படி அவநம்பிக்கை ஆகும்?

எனக்கு ரொம்பப் பிடிச்சது சமயபுரத்து வழக்கம். மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் ஆரம்பிச்சதும் 28 நாள் அம்மன் பச்சைப்பட்டினி விரதம் இருப்பா. வழக்கமா பக்தர்கள் சாமிக்காக விரதம் இருப்பாங்க. இங்க பக்தர்களுக்காக ஆத்தாவே பட்டினி கிடக்கிறா. அந்த நாட்களில் சமைச்ச நைவேத்தியம் கிடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இதுதான். மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் வளர்த்திருக்கோம். "உனக்குப் பதிலா ஆத்தா விரதம் இருக்கிறா. நீ நேரத்துக்குச் சாப்பிடு." ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா இவளுக்கு ஆபத்து, அதனால எங்க வீட்டில் அவளுக்கு விரதம் கிடையாது. யார் என்ன சொன்னாலும் கிடையாது.

பிரசாதம் உண்டு. "சாமி பிரசாதம் ஒண்ணும் பண்ணாது"ன்னு அள்ளிக் கொடுக்கிறதும் இல்லை, "உனக்கு ஆகாது"ன்னு எல்லார் முன்னாடியும் கையைத் தட்டி விடுறதும் இல்லை. பஞ்சாமிர்தம் ஒரு ஸ்பூன்னா அதில் எவ்வளவு மாவுச்சத்துன்னு கணக்குப் போட்டு, அதுக்கு ஏத்த யூனிட் போட்டுட்டு, மத்த பிள்ளைங்களோட உட்கார்ந்து சாப்பிடுவா. வெல்லம் கோயில்ல கொடுத்தாலும் வெல்லம்தான், அதுக்கும் இன்சுலின் உண்டு. கோயிலுக்கு நடந்து போற அன்னைக்கு, நடையில சர்க்கரை இறங்கும்னு பையில் குளுக்கோஸ் இருக்கும்.

ஆயுத பூஜைக்கு நான் ஸ்கூட்டருக்குச் சந்தனம் வச்சிக்கிட்டிருந்தேன். மக அவளோட குளுக்கோமீட்டரையும், உபயோகத்தில் இருக்கிற இன்சுலின் பேனாவையும் கொண்டு வந்து தட்டுல வச்சு, பொட்டு வச்சா. (ஃபிரிட்ஜ்ல இருக்கிற மிச்ச மருந்தை எடுத்துடாதேன்னு அம்மா கத்தினா.) அவளா பண்ணினது. யாரும் சொல்லித் தரலை. நவம்பர் 14 குழந்தைகள் தினம்னு அவளுக்குத் தெரியும். அன்னைக்குத்தான் பாண்டிங் பிறந்த நாள், அதனாலதான் அது உலக நீரிழிவு தினமும்னு கேள்விப்பட்டதுல இருந்து, பூஜை அலமாரிக் கதவில் அவர் படத்தையும் ஒட்டி வச்சிருக்கா. முருகருக்கும் பிள்ளையாருக்கும் நடுவுல கோட் போட்ட வெள்ளைக்காரர் ஒருத்தர். வர்றவங்க எல்லாம் யார் இந்த சாமியார்னு கேட்கிறாங்க :-)

இன்னும் சில வருஷத்தில் அவ வளர்ந்து, "எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை"ன்னு சொன்னாலும் சொல்லலாம். சொல்லட்டும். ஊசியை விட்டா நான் விட மாட்டேன். கோயிலை விட்டா அது அவ இஷ்டம். நம்பிக்கை என்னோட ஊன்றுகோல். அதை அவ முதுகுல கட்டி விடுறதுக்கு எனக்கு உரிமை இல்லை.

அந்த வெள்ளி வயிறு? "எப்ப சரியாகும்"னு கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் நின்ன மனைவி, அன்னைக்கே உண்டியல்ல போட்டுட்டா. "முன்பணமா வச்சுக்க ஆத்தா. பாக்கியை நான் தினமும் கட்டிக்கிறேன்"னு சொன்னா. கட்டிக்கிட்டிருக்கா.

கடைசியா, சொந்தத்துலயோ தெருவுலயோ இப்படி ஒரு குழந்தை இருக்கிற வீடு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். "உங்க புள்ளைக்காக வேண்டிக்கிறேன்"னு சொல்லுங்க, சந்தோஷமா இருக்கும். நிஜமாவே. கூடவே, விரல்ல குத்திச் சர்க்கரை பார்க்கிறது எப்படின்னு கத்துக்கிட்டு, மாசத்துல ஒரு ராத்திரி அந்த மூணு மணி அலாரத்தை நீங்க வாங்கிக்கோங்க. அந்த வீட்டம்மா ஒரு ராத்திரி முழுசாத் தூங்குவாங்க. அதைவிடப் பெரிய வேண்டுதல் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

பி.கு: குழந்தை தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தா, அடிக்கடி ஒண்ணுக்குப் போனா, படுக்கையை நனைக்கிறது நின்ன பிள்ளை திரும்ப நனைச்சா, நல்லாச் சாப்பிட்டும் எடை குறைஞ்சா, அன்னைக்கே ரத்தத்தில் சர்க்கரை பாருங்க. அதோட வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்குறதுன்னு சேர்ந்தா நேரா ஆஸ்பத்திரி. வேண்டுதலைப் போற வழியில வண்டியில உட்கார்ந்து வேண்டிக்கலாம். சாமி கோவிச்சுக்காது.